முதுமரம் என்னும் கருவூலம்

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வாழ்வோர்க்கு ஒலிவமரம் உணவும் எண்ணெயும் நல்கும் செல்வமாகும். அதன் இலைகள் சிறியன, தடித்தன. அவற்றின் அடிப்புறத்திலுள்ள வெண்ணிறச் செதில்கள் நீர் ஆவியாகி வீணாவதைக் குறைக்கின்றன. ஆதலின், இம்மரம் நெடுங்கோடையையும் தாங்கி நிற்கின்றது. கிரீட் தீவிலுள்ள வூவெஸ் என்னும் சிற்றூரின் ஒலிவமரம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது எனக் கருதப்படுகின்றது. அஃது இன்றும் காய்க்கின்றது.

இத்தகைய முதுமரங்களை அறிவியலார் ஆராய்ந்து வருகின்றனர். ஸ்பெயின் நாட்டு அறிஞர்கள் ஆயிரம் ஆண்டைக் கடந்த ஓர் ஒலிவமரத்தின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து, 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதில் 56,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் காணப்பட்டன.

முதுமரங்கள் பலவற்றில் அடிமரத்தின் மரபு வேறு. கிளைகளின் மரபு வேறு. முன்னோர் ஒரு மரத்தின் அடியில் நற்கனி தரும் மற்றொரு மரத்தின் கிளையை ஒட்டுக்கட்டி வளர்த்தமையே இதற்குக் காரணம்.

இக்காலத்தில் வெப்பமும் வறட்சியும் மிகுகின்றன. குளிர்காலத்தில் போதிய குளிர் இல்லையாயின், ஒலிவமரம் நன்கு பூப்பதில்லை. எங்கும் ஒருசில வகைகளையே நட்டால், ஒன்றுக்கு வரும் கேடு அனைத்திற்கும் வரும். பல வறட்சிகளைக் கண்ட முதுமரங்களிலோ, புதிய தோட்டங்களில் இல்லாத மரபு வகைகளும் உள்ளன. இதனை உணர்ந்தோர், ஸ்பெயினின் கோர்தோபா நகரில் 1970 முதல் பல நாட்டு ஒலிவ வகைகளைத் திரட்டிக் காத்து வருகின்றனர்.

எனினும், முதுமரங்களை வெட்டுவோரும், பூங்காக்களின் அழகுக்காக வேரோடு பெயர்த்து விற்போரும் உளர். ஒரு முதுமரம் அழிந்தால் அதன் மரபும் உடன் அழியக்கூடும். அழிந்ததை மீண்டும் படைத்தல் எவர்க்கும் இயலாது.