நரைப்புரவியும் ஊர்பவரும்: முதற் காட்சிக்கு ஆயத்தமாதல்

பரி, புரவி, மா, இவுளி, துரகம் எனக் குதிரைக்கு நம் நிகண்டுகள் கூறும் பெயர்கள் பல. அவற்றை மனனஞ் செய்து ஒப்புவித்தல் மாணவர்க்கு எளிது. ஆயின் அப்பெயர்களுக்குரிய விலங்கை அருகில் நின்று அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளரும் பிள்ளைகள் பலர் குதிரையை முதன்முதற் காண்பது கோயில் வாகனமாகவேயாம். அவ்வாகனம் மரத்தாலாயது. திருவிழாவுக்குச் சின்னாள் முன்னர் வண்ணந் தீட்டி, அன்று மாலை சூட்டிவிட்டால் அதன் ஆயத்தம் நிறைவுறும். உயிருள்ள குதிரையை அங்ஙனம் ஆயத்தஞ் செய்தல் இயலாது. முதன்முறையாக ஓர் உள்ளூர்க் காட்சிக்குச் செல்லும் நரைநிறக் குதிரையையும், அதனை ஊர்ந்து செல்லும் இளைஞரையும் ஆயத்தஞ் செய்யும் முறை யாது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். காட்சியன்று வெளிப்படுவது பல வாரங்களாகச் செய்துவந்த வளர்ப்பே என்பது நாம் நிறுவ விரும்பும் கருத்தாகும்.

கொழும்பு குதிரையை அறியாத நகரமன்று. 19ஆம் நூற்றாண்டிலே காலிமுகத் திடலிற் குதிரைப் பந்தயங்கள் நடைபெற்றன. 1893இல் கறுவாத் தோட்டப் பகுதியிற் புதிய பந்தயத் திடல் திறக்கப்பட்டது. உலகப் போரின்போது, 1942இல், அத்திடல் விமான இறங்குதளமாயிற்று. 1956இன் பின் கொழும்பிற் பந்தயம் ஓய்ந்தது. இன்று அவ்விடத்தில் றக்பி முதலிய ஆட்டங்கள் நடைபெறுகின்றன. பந்தயக் குதிரைகளை இன்று காண விரும்புவோர் நுவரெலியாவுக்குச் செல்லுதல் வேண்டும்.

பந்தயம் வேறு, குதிரைக் காட்சி வேறு. பந்தயத்தில் விரைவொன்றே அளவை. காட்சியிலோ குதிரையின் நடை, நிலை, அடக்கம், உடல்நலம், ஊர்பவரின் இருக்கை ஆகியன நோக்கப்படும். தொடக்கநிலை நடைத் தேர்வு பெரும்பாலும் 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமுங் கொண்ட களத்தில் நிகழும். நடத்தல், துள்ளுநடை போடுதல், வட்டமிடுதல், அசையாது நிற்றல் என்பன அங்கே கேட்கப்படும். ஒவ்வோர் உறுப்புக்கும் 0 முதல் 10 வரை புள்ளி வழங்குவர். 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக் விழாவிலே, இலங்கையிற் பிறந்து சுவீடனில் வளர்ந்த மதில்டா கார்ல்சன் என்பார் தடைதாண்டற் போட்டியில் இலங்கையின் சார்பிற் குதிரை செலுத்தினார். அத்தகைய பேரரங்குக்குச் செல்லும் வழியும் ஓர் உள்ளூர்க் காட்சியிலேதான் தொடங்குகின்றது.

அலங்காரமும் பயிற்சியும்

அலங்காரத்துக்கும் பயிற்சிக்கும் உள்ள வேற்றுமையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். புறநானூற்றின் 299ஆம் பாட்டிலே பொன்முடியார் இருவகைக் குதிரைகளை எதிரெதிரே நிறுத்துகின்றார். ஒன்று சிற்றூர் மன்னனுடையது. உழுந்தின் சக்கையைத் தின்று, ஓய்ந்த நடையோடு திரிவது. மற்றையவை பெருநில மன்னருடையவை. நெய் கலந்த உணவுண்டு, பிடரி மயிர் கத்தரிக்கப்பெற்று, மாலையணிந்து நிற்பவை. போர் மூண்டபோது எளிய குதிரை கடலிற் செல்லும் தோணிபோலப் படையைப் பிளந்து சென்றதென்றும், அழகிய குதிரைகள் முன்செல்லாது ஒதுங்கி நின்றனவென்றும் புலவர் கூறுகின்றார். காட்சிக்குக் குதிரை கொண்டுசெல்வோர் யாவரும் மனத்திற் பதிக்கவேண்டிய பாட்டு அது.

பேணும் முறை அறியாமையால் விளையும் கேட்டுக்குப் பிற்காலத்துச் சான்றொன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அந்நாட்டரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினானென்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுதானும் உயிரோடு எஞ்சுவதில்லையென்றும் எழுதியுள்ளார். குதிரைக்கு ஒவ்வாத சோறும் இறைச்சியும் ஊட்டியதையும், லாடங் கட்டுவோரும் குதிரை வைத்தியரும் அங்கின்மையையும் அவர் சுட்டுகின்றார். விற்பனை குன்றாதிருத்தற்பொருட்டு வணிகர் அவ்வைத்தியரை வரவிடாது தடுத்தனரென்பதும் அவர் கூற்று. அரச லாயத்திற் பொன்னுக்குக் குறைவில்லை. பேணும் அறிவே இல்லாதிருந்தது.

நரையென்னும் நிறம்

நரைக்குதிரை வெள்ளைக் குதிரையன்று. அது கருமையாகவோ, கபிலமாகவோ, செம்மையாகவோ பிறந்து, ஆண்டுக்காண்டு மயிர் வெளுத்து, ஆறு முதற் பத்து ஆண்டுகளுள் ஏறக்குறைய வெண்மையாகும். மனிதர் தலை நரைத்தலை ஒத்ததாகலின் நரையென்னுந் தமிழ்ச்சொல் இதற்கு முற்றும் பொருந்துவதாகும். மயிர் வெளுப்பினும் அடியிலுள்ள தோல் கருமையாகவே இருக்கும். இந்நரைக்குக் காரணமான பரம்பரை மாற்றத்தைச் சுவீடன் ஆய்வாளர் 2008இற் கண்டறிந்து வெளியிட்டனர்.

அம்மாற்றம் நிறத்தோடு நில்லாது ஒரு நோய்க்கும் வழிசெய்கின்றது. 15 வயதைக் கடந்த நரைக்குதிரைகளுள் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டவற்றிற் கருந்தோற் கட்டிகள் தோன்றுமென்பர். வாலின் அடி, குதத்தின் அயல், உதடு, கன்னத்தின் பின்புறம் என்பன அவை தோன்றும் இடங்கள். ஆகவே நாள்தோறும் தூரிகை தேய்க்கும்போது அவ்விடங்களை விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். கட்டி தென்பட்டால் மிருக வைத்தியருக்கு உடனே அறிவித்தல் கடன். வெண்மயிரைத் துலக்குவோர் தோலையும் காணாது விடின், அத்துலக்கத்தாற் பயனில்லை.

உணவும் உழைப்பும்

காட்சிக்கு எட்டு வாரமேனும் இருக்கும்போதே ஆயத்தம் தொடங்குதல் நன்று. குதிரையின் முதலுணவு புல்லும் வைக்கோலுமேயாம். உலர்ந்த நிலையிலே உடல்நிறையின் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குக் குறையாது தருதல் வேண்டும். அஃதாவது 400 கிலோ நிறையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 6 கிலோ. கொள்ளை ஊறவைத்தோ அவித்தோ அளவோடு சேர்க்கலாம். காட்சி நெருங்கியதும் வலிமை கூடட்டுமெனத் தானியத்தைத் திடீரெனப் பெருக்குதல் பெருங்கேடு. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஆதலின் அளவுமிஞ்சிய தானியம் வயிற்றுக்குத்தையும் குளம்பழற்சியையும் விளைவித்து உயிருக்கே ஊறு செய்யக்கூடும்.

நீரின் இன்றியமையாமையை நெடுந்தீவு நமக்குப் புகட்டும். அந்நியராட்சிக் காலத்தில் அத்தீவில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. சேணமும் லாடமுமின்றி வாழும் அவை, கடும் வரட்சியில் நீரின்றி நலிந்து மடிகின்றன. லாயத்திலுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 25 லீற்றர் நீரேனும் வேண்டும். கொழும்பின் வெக்கையில் உழைக்கும் நாளில் அது இருமடங்காதலும் உண்டு.

உழைப்பு விடியற்காலையில் நிகழ்தல் வேண்டும். முதலிரு வாரமும் நடையே போதும். பின்னர் துள்ளுநடையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். குளிர்நாடுகளிலிருந்து வந்த குதிரைகள் சில, நம் நாட்டுப் புழுக்கத்தில் வியர்க்கும் ஆற்றலை இழந்துவிடுவதுண்டு. உழைத்த பின்னும் உடல் உலர்ந்திருந்து மூச்சு மட்டும் விரைந்தால் அதனைச் சோம்பலென்று எண்ணி அடித்தல் கொடுமை. நிழலிற் கட்டி, நீர் வார்த்துக் குளிர்வித்து, வைத்தியரை அழைத்தலே முறை. ஓய்ந்திருக்கும் வளர்ந்த குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும், மூச்சு 8 முதல் 16 வரையும், உடற்சூடு 37.5 முதல் 38.5 பாகை வரையும் இருக்கும். இவ்வெண்களை ஊர்பவர் வாய்பாடுபோல் அறிந்திருத்தல் வேண்டும்.

குதிரை கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்பது பழமொழி. வாயை மூடுவது பெரும்பாலும் முன்பட்ட நோவின் நினைவாலேயாம். ஆகவே கடிவாளத்தை மெல்லப் பொருத்திப் பழக்குதல் வேண்டும். புதிய சேணத்தையோ புதிய கடிவாளத்தையோ காட்சியன்று முதன்முறையாக அணிவித்தல் கூடாது. லாடத்தை ஒரு வாரம் முன்னரே கட்டுவித்தால், பொருந்தாமை இருப்பின் திருத்த நாளிருக்கும்.

ஊர்பவர்

குதிரையின் கண்கள் தலையின் இருபுறத்தும் அமைந்தவை. அதனாற் தன்னைச் சூழ்ந்தவற்றுட் பெரும்பாலானவற்றை அது ஒருங்கே காணும். நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் மட்டும் காணாது. ஆதலின் தோட்பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டு அணுகுதல் வேண்டும். காட்சித் திடலில் ஒலிபெருக்கி முழங்கும், கொடி படபடக்கும், குடை விரியும். இவற்றை லாயத்திலேயே, தொலைவிலிருந்து தொடங்கி, நாளடைவில் அணுகக் காட்டிப் பழக்கலாம். லொறியில் ஏறி இறங்குதலையும் அவ்வாறே பல நாட் பயிற்றுதல் வேண்டும்.

ஊர்பவரின் அச்சம் குதிரைக்குப் பரவுமென்பது வெறும் நம்பிக்கையன்று. 2009இற் சுவீடன் ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டனர். இம்முறை குடையொன்று விரிக்கப்படுமெனக் குதிரையை நடத்திச் சென்றோர்க்கும் ஊர்ந்து சென்றோர்க்கும் கூறினர். குடை விரிக்கப்படவேயில்லை. எனினும் அவர்தம் நெஞ்சத் துடிப்பு உயர்ந்தது. ஏதுமறியாத குதிரையின் துடிப்பும் உடனுயர்ந்தது. எனவே நிமிர்ந்திருத்தல், முன்னோக்குதல், மூச்சைச் சீராக விடுதல், கடிவாள வாரை இறுகப் பற்றாதிருத்தல் ஆகியவற்றை ஊர்பவர் நாளும் பயிலல் வேண்டும். பழங் கிரேக்கரான செனபோன், கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே, வற்புறுத்திச் செய்விப்பதில் அழகில்லை என்றும், சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்றும் எழுதிவைத்தார்.

நீராட்டும் காட்சி நாளும்

நரைக்குதிரையில் எக்கறையும் மறையாது. சாணக்கறையும் சிறுநீர்க்கறையும் மஞ்சளாகப் படிந்துவிடும். நாள்தோறும் படுக்கையைத் துப்புரவாக்கித் தூரிகை தேய்த்து வந்தால், காட்சிக்கு முதல்நாள் ஒரு நீராட்டே போதும். நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவினால் தோலின் இயற்கை நெய் நீங்கி மயிர் ஒளி குன்றும். கழுவிய நீரை வழித்தெடுத்து நன்கு உலர்த்துதலும் வேண்டும். நம் ஈரக் காற்றிலே நனைந்த தோலிற் புண் விரைவில் உண்டாகும். உலர்ந்தபின் மெல்லிய துணிப் போர்வை சாத்தி, புதுப் படுக்கையில் நிறுத்தலாம்.

காட்சியன்று வெயிலேறுமுன் திடலையடைந்து, குதிரையைக் கையிற் பிடித்து நடத்தி, இடத்தைக் காட்டுதல் நன்று. களத்துக்குச் செல்லுமுன் மூச்சையும் நாடியையும் காண்க. நான்கு குளம்புகளையும் காண்க. நொண்டலோ சோர்வோ தென்பட்டால் பெயரை மீட்டுக்கொண்டு வீடு திரும்புக. பல வார உழைப்பை ஒரு சொல்லால் விடுதல் இளைஞர்க்கு எளிதன்று. ஆயினும் குதிரை தன் நோவைச் சொல்லாது. அதற்காகச் சொல்லவேண்டியவர் ஊர்பவரே. அவ்வாறு திரும்பியவர் அன்று பரிசு பெறாவிடினும் குதிரையை ஊர்தற்குரிய தகுதியைப் பெற்றவராவர்.

ஆட்டம் முடிந்ததும் வயிற்றுவாரைத் தளர்த்தி, நிழலில் நடத்தி, நீரருந்தச் செய்து, உடல் குளிர்ந்தபின் உணவிடுதல் முறை. புள்ளித்தாளை அதன்பின் வாங்கலாம். குறைந்த புள்ளி பெற்ற உறுப்பு எதுவோ அதுவே மறுவாரத்துப் பாடமாகும்.

நம் கல்லூரிகளிலும் பரிசளிப்பு விழாவுக்கு ஒரு வாரமிருக்கும்போது மாணவரை மேடைக்குப் பழக்குதல் உண்டு. ஆண்டு முழுதும் வாய்விட்டுப் படித்த மாணவனுக்கு அவ்வொரு வாரம் மெருகூட்டும். படியாதவனுக்கு அது நடுக்கத்தையே தரும். பிள்ளைகளை அரங்குக்கு அனுப்பும் ஆசிரியரும் பெற்றோரும், விழாநாளின் உடையையும் மாலையையும் எண்ணுமுன் அன்றாடப் பயிற்சியை எண்ணுவாராக. பொன்முடியார் கண்ட சிற்றூர்க் குதிரைக்கு மாலையில்லை. ஆயினும் வேண்டிய பொழுதில் அது முன்சென்றது.