மின்மூக்கு நழுவினால் எந்தத் திருத்தம்?

கொத்தமல்லி, கடலை, எண்ணெய் எல்லாவற்றையும் மோந்து பார்த்துத் தரம் சொல்லும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வியாபாரத்துக்கு, வாசனையைச் சென்சார்களால் அளக்கும் மின்மூக்கு ஆசை காட்டும் கருவிதான். சி-டாக் ஆய்வு நிறுவனத்தின் கொல்கத்தா மையம் தேயிலைப் பதம் அறிய இப்படியொன்றை ஏற்கெனவே உருவாக்கியிருக்கிறது. இத்தகைய கருவிகளில் பெரும்பாலும் இருப்பவை சூடேற்றிய வெள்ளீய ஆக்சைடு சென்சார்கள்; வாசனை ஆவி பட்டதும் அவற்றின் மின்தடை மாறும். மாதங்கள் போகப்போக அந்தப் பரப்பே மாறுவதால், அதே வாசனைக்கு வேறு எண் வரும். டிரிஃப்ட் எனப்படும் இந்த நழுவலுக்குப் பல திருத்தங்கள் உண்டு. எதைத் தேர்வது என்பதைக் கணக்கின் நுட்பம் முடிவு செய்வதில்லை. தெரிந்த வாசனை ஒன்றைக் கருவிக்கு எத்தனை தடவை காட்ட முடியும் என்பதே முடிவு செய்கிறது.

முதலில் வயதையும் வானிலையையும் பிரிக்க வேண்டும். இந்தச் சென்சார்கள் ஈரப்பதத்துக்கும் அசைந்து கொடுப்பவை. கரிசல் காட்டில் சித்திரை வறட்சிக்கும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கும் உள்ள வித்தியாசமே நழுவல் போலத் தோன்றும். வானிலையின் விளைவு திரும்பிவிடும். வயதின் விளைவு திரும்பாது. ஆகவே வெப்பமும் ஈரமும் அளக்கும் சென்சாரைக் கூடவே வைப்பது எல்லா முறைக்கும் முன்நிபந்தனை. சிலிக்கோன் ஆவி பட்டுக் கெட்ட சென்சாருக்கு எந்தக் கணக்கும் உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

எளிய வழி, ஒவ்வோர் அளவையும் சுத்தக் காற்றில் வரும் மின்தடையால் வகுப்பது. செலவில்லை, ஆனால் சென்சாரின் உணர்திறன் குறைந்திருந்தால் அது காட்டிக்கொடுக்காது. இரண்டாவது, தெரிந்த ஆவியைக் காட்டி அதற்கேற்பச் சரிசெய்வது. தராசுக்கு முத்திரையிட்ட எடைக்கல் போல. மூன்றாவது, பல சென்சார்கள் சேர்ந்து நழுவும் திசையைக் கணித்து அதை மட்டும் கழிப்பது. எல்லா வாசனைக்கும் திசை ஒன்றே என்ற அனுமானத்தில் இது நிற்கிறது. நான்காவது, புதிய மாதிரிகளால் கருவியை மறுபடி பழக்குவது. 16 சென்சார், 6 வாயு, 36 மாதத் தரவை வைத்து 2012-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு இந்த வழியில் நல்ல பலன் கண்டது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் இன்ன வாயு என்று தெரிந்த மாதிரிகள் அதற்குத் தேவைப்பட்டன.

பெயர் தெரியாத மாதிரிகளிலிருந்தே தானாகத் திருத்திக்கொள்ளும் முறைகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கினால் ஹெக்சனல் என்ற ஆவி கூடும். அந்த மாற்றம் சரக்கினுடையதா சென்சாருடையதா என்று அந்த முறைக்குத் தெரியாது, கெட்டதையே இயல்பாக்கிக்கொள்ளக்கூடும். வாயுக்களைத் தனித்தனிக் காலத்தில் அளந்த பிரபலமான இன்னொரு தரவுத் தொகுப்பில், வாயு படுவதற்கு முந்தைய அளவை வைத்தே வாயுவின் பெயரைச் சொல்லிவிடலாம் என்று 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. புது மல்லியை மாசியிலும் பழைய மல்லியை ஐப்பசியிலும் மட்டும் காட்டிப் பழக்கினால், இங்கும் கருவி கற்பது மல்லியை அல்ல, மாதத்தை.

தெரிந்த வாசனையைக் காட்ட வாயு சிலிண்டருக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. ஐரோப்பிய வாசனை அளவீட்டுத் தரமே ஆதாரமாகக் கொள்ளும் என்-பியூட்டனாலைக் குறித்த அளவில் காய்ச்சி வடித்த நீரில் கலந்து, மாறாத சூட்டில் வைத்த மூடிய பாட்டிலின் மேற்காற்றைப் பயன்படுத்தலாம். எடுத்து வைத்த மல்லி ஆகாது. அதன் மணப்பொருளான லினலூல் நாளடைவில் பறந்துவிடும். பியூட்டனாலுக்கு நழுவுவதும் ஹெக்சனலுக்கு நழுவுவதும் ஒரே அளவாக இருக்காது என்பதும் உண்மை. அதனால் மனித மூக்கு தரம் பிரித்த சரக்கையும் இடையிடையே காட்ட வேண்டும்.

ஆகவே ஒரே சரக்கும் சில சென்சார்களும் உள்ள குடோனுக்கு வகுத்தலும் வாராந்தர பியூட்டனாலும் போதும். பல சென்சார் வைத்திருப்பவர், ஒரு வறட்சியும் ஒரு மழைக்காலமும் ஆதார அளவுகளைச் சேர்த்த பிறகு திசை கழிக்கும் முறைக்குப் போகலாம். பரிசோதனைக்கூடமும் தேர்ந்த மூக்குக்காரரும் உள்ளவர் மறுபடி பழக்கலாம். தெரிந்த வாசனை எதையும் காட்ட வழியில்லாதவர், மின்மூக்கை எச்சரிக்கைக்கு வைத்துக்கொள்ளட்டும். விலை பேச விடக்கூடாது.