ராஜினாமாவுக்கு முன்னால்: நெடுநாள் மனச்சோர்வும் சட்டம் தரும் உதவிகளும்

பல ஆண்டுகளாக மனச்சோர்வினால் வருந்திவரும் ஒருவர், ஏதோ ஓர் அதிகாலையில் இனித் தம்மால் ஆகாது என்று முடிவுகட்டி ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிடுவதும், அவருடைய மனைவியோ தமையனோ ஆறு மாதம் கழித்து, கையிருப்பெல்லாம் கரைந்த பிறகு, சர்க்காரில் இதற்கு உதவி ஏதேனும் உண்டா என்று விசாரிக்கப் புறப்படுவதும் நான் சில குடும்பங்களில் கண்டு வருந்திய காட்சி. உதவி உண்டு, ஒன்றல்ல, பல உண்டு. ஆயினும் அவற்றுள் கனமானவை ஒருவர் வேலையில் இருக்கும்போதே கோரத்தக்கவை ஆதலால், எந்த உதவியைக் கேட்பது என்று ஆராய்வதற்கு முன்பாக, அந்தக் கடிதத்தைச் சற்றே நிறுத்திவையுங்கள் என்று வேண்டிக்கொள்வது என் முதற் கடமையாகிறது.

ஆலையிலோ கம்பெனியிலோ மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளத்தில் இருப்பவருக்கு ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தைக் காட்டிலும் அனுகூலமான வழி வேறில்லை என்பது என் அபிப்பிராயம். மாதந்தோறும் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கப்படுவதை அறிந்திருக்கும் தொழிலாளிகளிலும் பலர், அதற்கு ஈடாக மருந்து மாத்திரைகள் மட்டுமே கிடைப்பதாக எண்ணியிருக்கிறார்கள். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா சேர்ந்திருந்தால், நோயினால் வேலைக்குப் போக இயலாத நாட்களுக்கு, ஆண்டில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் ரொக்கமாகக் கிடைக்கும். அதற்கு அப்பாலும், நெடுநோய்கள் என்று வகுக்கப்பட்ட 34 நோய்களுள் ஒன்று கண்டவருக்கு, அவர் ஈராண்டு தொடர்ந்து வேலையில் இருந்து அக்காலத்தில் 156 நாளேனும் சந்தா செலுத்தியவராயின், 80 சதவீத விகிதத்தில் ஈராண்டு வரைக்கும் உதவி நீட்டிக்கப்படக்கூடும். அந்தப் பட்டியலில் ‘எண்டோஜீனஸ் டிப்ரஷன்’, அதாவது புறக்காரணம் புலப்படாமல் உள்ளிருந்தே எழும் மனச்சோர்வு, பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இது பழைய காலத்து வைத்தியச் சொல். இக்கால டாக்டர்கள் சீட்டில் வேறு பெயர் எழுதுவார்களாகையால், பட்டியலிலுள்ள எந்த நோயோடு இது ஒக்கும் என்பதை டாக்டரிடமே கேட்டுத் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்வது மிகவும் அவசியம். நோய்க்கால உதவி பெற்றுவரும் தொழிலாளியை அக்காலத்தில் முதலாளி வேலைநீக்கம் செய்யலாகாது என்று 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு, 2025இல் அச்சட்டம் நீங்கும்வரை, தடுத்துவந்தது. ஆனால் அவரே கையெழுத்திட்டு விலகிக்கொண்டால் அத்தகைய பாதுகாப்பினால் என்ன பிரயோஜனம்?

சர்க்கார் உத்தியோகஸ்தரின் நிலைமை வேறு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாதென்றும், பழைய வேலையைச் செய்ய இயலாதவரை அதே சம்பள விகிதமுள்ள வேறொரு வேலைக்கு மாற்ற வேண்டுமென்றும், அப்படியொன்று இல்லாவிடில் தக்க இடம் வரும்வரையிலோ ஓய்வு பெறும்வரையிலோ கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றும் தன் 20ஆம் பிரிவில் விதிக்கிறது. இந்தச் சட்டத்தின் அட்டவணையில் மனநோயும் ஓர் ஊனமாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆகவே இவருக்கு வேண்டியது பணஉதவி அன்று, ஊனச் சான்றிதழ்.

அந்தச் சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். துக்கத்தின் ஆழத்தை யாரும் அளப்பதில்லை. அந்தத் துக்கம் ஒருவருடைய தினசரி வாழ்வில் எதையெதைப் பறித்துக்கொண்டது என்பதையே ‘ஐடியாஸ்’ என்னும் அளவுகோல் கணக்கிடுகிறது. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசுதலும் புரிந்துகொள்ளுதலும், வேலை என்னும் நான்கிற்கும் தலா 4 வரை மதிப்பெண். நோய் எவ்வளவு காலம் இருந்தது என்பதற்கு மேலும் 4 வரை. ஆக மொத்தம் 20. இந்த மொத்தத்தைக் கொண்டு ஊனத்தின் சதவீதம் கணிக்கப்படும். சட்டத்தின் பெரும்பாலான சலுகைகளுக்கு வாசற்படி 40 சதவீத ஊனம். சர்க்கார் வேலையில் 4 சதவீத ஒதுக்கீடும் (அதனுள் மனநோய் முதலிய சில பிரிவுகளுக்குப் பொதுவாக ஒரு சதவீதம்), உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீடும் அதன்வழி வருவன. பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர், தம் வருமானத்தில் 75,000 ரூபாயும், ஊனம் 80 சதவீதத்தை எட்டினால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

வேலையே இல்லாதவருக்கு வழி குறுகலானது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் பென்ஷனுக்கு வறுமைக்கோட்டிற்குக் கீழ் இருப்பதோடு 80 சதவீத ஊனமும் வேண்டும்; மத்திய சர்க்காரின் பங்கோ மாதம் 300 ரூபாய், மாநிலம் தன் பங்கைச் சேர்த்தே தொகை சற்று உருப்படியாகிறது. 1995ஆம் ஆண்டு ஊழியர் பென்ஷன் திட்டத்தில், ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலும் ஊனப் பென்ஷன் உண்டு. ஆனால் அது வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாகவும் முழுமையாகவும் செயலிழந்தவருக்கு உரியது. மனச்சோர்வு சிகிச்சையினால் விலகக்கூடிய நோய். முப்பத்தைந்து வயதில், இனி எந்நாளும் எந்த வேலைக்கும் தகுதியற்றவன் என்று ஒருவர் தம்மைப் பற்றித் தாமே விண்ணப்பம் எழுதுவதை, ஈ.எஸ்.ஐ.யின் ஈராண்டு அவகாசம் மிச்சமிருக்கும்வரை, நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்த அவகாசத்திலும் குணப்படாதவர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கட்டும். தற்காலிகச் சான்றிதழ் கொடுத்தாலும் மனம் தளராமல் வாங்கிக்கொள்ளட்டும், காலம் முடிந்தபின் மறுபடியும் பரிசோதித்துக்கொள்ளலாம்.

பரிசோதனை நாளன்று நேரும் ஒரு பிழையை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் தலை வாராதவரை, அன்று வீட்டார் குளிப்பாட்டி, சலவைச் சட்டை மாட்டி அழைத்துவருவார்கள், டாக்டர் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டதும், காலமெல்லாம் பழகிய மரியாதையினால் அவரும் “பரவாயில்லைங்க” என்பார். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது அந்தச் சட்டையும் அந்தச் சொல்லுமே. ஆகையால் அவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர் ஒருவர் கூடப் போகவேண்டும். சொல்லாமல் தானாகக் குளித்த நாள் எத்தனை, சமைத்தது எத்தனை வேளை, வாசலுக்கு வந்தவரோடு பேசியது எப்போது என்பதையெல்லாம், கூட்டாமல் குறைக்காமல், ஒரு மாதம் நோட்டில் எழுதி எடுத்துச் செல்லவேண்டும். மதிப்பீடு நியாயமில்லை என்று தோன்றினால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அதற்கு வக்கீல் வேண்டுமானால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இலவசமாகக் கேட்க மனநோயாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. நோய் இருந்த காலத்திற்குச் சாட்சி மருந்துச் சீட்டுகள்தாம். கசங்கியிருந்தாலும் கிழிந்திருந்தாலும் ஒன்றையும் பழைய பேப்பரோடு போட்டுவிடாமல், தேதிவாரியாக அடுக்கி இன்றைக்கே ஒரு பைக்குள் வைத்துவிடுங்கள்.