மாநிலச் சட்டத்தை ஆராய ஃபெலோஷிப்: சட்ட மாணவர் எங்கே தொடங்குவது?

வாடகை வீடு, கடை வேலை, கோயில் நிலம், கட்டட அனுமதி, ஊராட்சி வரி என நம் அன்றாடத்தைத் தொடும் சட்டங்களில் பெரும்பங்கு புனித ஜார்ஜ் கோட்டையில் இயற்றப்படுபவை. ஆனால் சட்ட மாணவர்களின் ஆய்வு ஆர்வம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளோடு நின்றுவிடுகிறது. மாநிலச் சட்டங்களை எடுத்துப் படிக்க ஆள் குறைவு. அதனாலேயே, ஃபெலோஷிப் தேடும் மாணவருக்கு அங்கே இடம் நிறைய இருக்கிறது.

எந்த வாய்ப்பு எப்போது கிடைக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் 2022இல் தொடங்கியது. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தோடு இணைந்து நடக்கும் இரண்டாண்டுத் திட்டம் இது. பட்டம் பெற்றவர்களுக்கே உரியது, தமிழறிவு அவசியம். டெல்லியில் சட்டமியற்றல் பற்றி ஆராயும் பிஆர்எஸ் அமைப்பு 2010 முதல் நடத்திவரும் லேம்ப் ஃபெலோஷிப்பில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆய்வு உதவியாளராக இருக்கலாம். அது ஒன்றிய அளவிலான வேலை. ஆனால் அதே அமைப்பு ஆண்டுதோறும் மாநிலச் சட்டங்கள் பற்றி வெளியிடும் அறிக்கை நமக்கு நல்ல பாடநூல். சென்னை உயர் நீதிமன்றமும் நீதிபதிகளுக்கு ஆய்வு உதவியாளர்களாகச் சட்டப் பட்டதாரிகளை எடுக்கிறது.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் பயிற்சிக் காலத்தை முன்னோட்டமாக்கிக் கொள்ளலாம். பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள்படி ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் பயிற்சி கட்டாயம். அதில் நான்கு வாரத்தை ஒரே ஒரு மாநிலச் சட்டத்துக்கு ஒதுக்குங்கள்.

அடுத்தது கேள்வி. விண்ணப்பங்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ‘தமிழ்நாட்டில் தொழிலாளர் உரிமைகள்’ என்று எழுதினால் அது தலைப்பு மட்டுமே. அதில் கேள்வி இல்லை. ஒரு பிரிவைப் பிடியுங்கள். 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. கடை ஊழியர்கள் வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கேரளம் 2018இல் இதைச் செய்திருந்தது. தி.நகர் ஜவுளிக் கடைகளில் நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்கு அந்த நாற்காலி கிடைத்ததா? யார் போய்ப் பார்த்தார்கள்? இது ஆராயக்கூடிய கேள்வி.

இனி ஆவணங்கள். சட்டத்தின் வாசகத்தோடு நிற்காதீர்கள். மசோதாவோடு வரும் நோக்கக் காரண விளக்கத்தை அரசிதழில் தேடுங்கள். அரசு எதைச் சரிசெய்ய நினைத்தது என்பது அங்கே இருக்கும். பிறகு விதிகள், அரசாணைகள். மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை ஐந்தாறு ஆண்டுகளுக்குச் சேர்த்துப் படியுங்கள். எந்த ஆண்டு எந்தத் தகவல் காணாமல் போகிறது என்பதைக் குறித்துவையுங்கள். நான் மிகவும் மதிக்கும் ஆவணம் இது. மாணவர்கள் இதைத் தொடுவதே இல்லை என்பது வருத்தம். சட்டமன்ற விவாதங்கள் பெரும்பாலும் தமிழிலேயே இருப்பதால் தமிழ் படிக்கத் தெரிந்த ஆய்வாளருக்கு அவை பெரிய பலம்.

அச்சில் இல்லாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தரும். தமிழிலேயே எழுதலாம், கட்டணம் 10 ரூபாய். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது, ஏனெனில் சட்டம் தருவது பதிவேட்டில் உள்ள தகவலை மட்டுமே. ‘2022 முதல் ஆண்டுவாரியாக 22-அ பிரிவின்கீழ் நடந்த ஆய்வுகள் எத்தனை, குறை கண்ட நிறுவனங்கள் எத்தனை, தொடர்ந்த வழக்குகள் எத்தனை’ என்று கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆகவே ஃபெலோஷிப் கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே மனு போய்விட வேண்டும்.

களத்துக்கும் போங்கள். தொழிலாளர் உதவி ஆய்வரையும் ஊழியர்களையும் தனித்தனியே சந்தியுங்கள். ஊழியரிடம் கடைக்குள் வைத்துப் பேசாதீர்கள். அவர் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. பெயரைக் குறிக்கவும் வேண்டாம்.

முன்மொழிவு இரண்டு பக்கம் போதும். முதல் பத்தியிலேயே கேள்வி வரட்டும். கையில் ஏற்கெனவே என்ன ஆவணம் இருக்கிறது, இன்னும் எது வேண்டும், ஆய்வின் முடிவு எந்த அலுவலரின் மேசைக்குப் போனால் பயன்படும் என்பதைச் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதம் உங்கள் எழுத்தைப் படித்த ஆசிரியரிடமிருந்து வரட்டும். கல்லூரி முதல்வரின் கையெழுத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

படிப்பு முடித்து வழக்கறிஞராகப் பதிவு செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கறிஞர் தொழிலில் இருப்பவர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 49. முழுநேர ஃபெலோஷிப்பில் சேருமுன் மாநில பார் கவுன்சிலிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுங்கள்.

அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பத்து ரூபாய் மனுவை இந்த வாரமே அனுப்புங்கள்.