தூக்காதே தங்கச்சி, நகர்த்து!

பக்கவாதம் வந்த பெரியவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டும் அடுத்த செக்கப் தேதியும் தவறாமல் கைக்கு வந்துவிடும். அவரை எப்படிப் புரட்டுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது என்று சொல்லித்தரத்தான் பல இடங்களில் ஆளுக்கு நேரம் இருக்காது. வீட்டுக்கு வந்ததும் அந்த வேலை உன் தலையில் விழும். வார்டில் வேலை பார்க்கும் உன் அக்கா அதைத்தான் இங்கே சொல்லித்தரப் போகிறேன். படுத்திருப்பவர் அம்மாவாக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம். இங்கே வலது பக்கம் செயலிழந்த உன் மாமியார், நம் அத்தை என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள். ஆளைத் தூக்குவது உன் வேலை இல்லை. நோயாளியை ஒருவர் கையால் தூக்குவதற்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வகுத்த வரம்பு 35 பவுண்டு, ஏறக்குறைய 16 கிலோ. நிறைந்த கேஸ் சிலிண்டரே 29, 30 கிலோ இருக்கும். அத்தை அதைப்போல் இரண்டு மடங்கு. தம் கட்டித் தூக்கினால் உன் இடுப்பு போகும், அத்தையின் தோளும் தோலும் போகும். நகர்த்து, புரட்டு, சரி. இதற்கென்று இருக்கும் சாதனங்கள் எல்லாமே தூக்கும் வேலையைக் குறைக்கத்தான் வந்தவை.

1. கட்டில் உயரம்

ஆளை நகர்த்தும் நேரத்தில் மெத்தை உன் இடுப்பு மட்டத்துக்கு இருந்தால் நீ குனிய வேண்டியதில்லை. அத்தையை உட்காரவைத்து இறக்கும் நேரத்தில் அவர் பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். உயரத்தை ஏற்றி இறக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்குக் கிடைத்தால் எடு. இல்லையென்றால் பாதம் பதியும் உயரத்தையே தேர்ந்தெடு. ஆளை நகர்த்தும்போது ஒரு முழங்காலை மெத்தை ஓரத்தில் ஊன்றிக்கொண்டால் முதுகு வளையாது. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதே. இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும்.

2. மடித்த வேட்டி

வார்டில் டிரா ஷீட் என்போம். பழைய பருத்தி வேட்டியோ பெட்ஷீட்டோ போதும். தோளிலிருந்து நடுத்தொடை வரை வரும்படி இரண்டாக மடித்து, அத்தைக்கு அடியில் சுருக்கம் இல்லாமல் விரித்து வை.

படுத்தவர் கீழே சறுக்கிப் போய்விட்டால் அக்குளில் கை கொடுத்து இழுப்பதுதான் நம் வீடுகளில் பழக்கம். அதை இன்றோடு விடு. செயலிழந்த பக்கத்துத் தோளைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்திருக்கும். இழுத்தால் மூட்டு விலகி, மாதக்கணக்கில் வலிக்கும்.

கட்டிலின் தலைப்பக்கத்தைத் தட்டையாக்கு. தலைமாட்டுச் சட்டத்தில் தலை இடிக்காமல் ஒரு தலையணையை நிறுத்தி வை. நீ ஒரு பக்கம், உன் வீட்டுக்காரர் மறுபக்கம். வேட்டியின் ஓரத்தை அத்தையின் உடம்புக்கு மிக அருகே வரும்வரை சுருட்டிப் பிடியுங்கள். அத்தை தாடையை நெஞ்சோடு சேர்த்து, நல்ல காலை மடக்கி ஊன்றிக்கொள்ளட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியதும் அவர் காலால் உந்த, நீங்கள் கால்மாட்டுப் பக்கக் காலிலிருந்து தலைமாட்டுப் பக்கக் காலுக்கு உடம்பின் பாரத்தை மாற்றுங்கள். வேட்டி தானே மேலே போகும்.

3. வழுக்கும் துணி

ஆள் கனமாக இருந்தாலும், தோல் மெலிந்திருந்தாலும் ஸ்லைடு ஷீட் வாங்கு. வழுவழுப்பான நைலான் துணி. இரண்டு அடுக்காக விரித்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். உராய்வு குறைவதால் சிறிய விசையே போதும், தோலும் உரசாது. வேலை முடிந்ததும் மறக்காமல் உருவி எடுத்துவிடு. விட்டுவைத்தால் அத்தையே வழுக்கிக் கீழே வந்துவிடுவார்.

4. புரட்டும் முறை

இடது பக்கமாகப் புரட்டுவதாக வைத்துக்கொள். முதலில் வேட்டியைப் பிடித்து அத்தையைக் கட்டிலின் வலது ஓரத்துக்கு நகர்த்து. அப்போதுதான் புரண்டபின் நடுவில் இருப்பார். வலது பக்கத் தடுப்புக் கம்பியை ஏற்று, இல்லையென்றால் அங்கே ஓர் ஆளை நிறுத்து. பிறகு நீ இடது பக்கம் வந்து நில். உன்னை நோக்கிப் புரண்டால் அவருக்கு விழும் பயம் இருக்காது. செயலிழந்த வலது கையை மெதுவாக நெஞ்சின்மேல் வை. வலது முழங்காலை மடக்கு. தோளிலும் இடுப்பிலும் உள்ளங்கையை வைத்து, சொல்லிவிட்டு, உன் பக்கம் உருட்டு.

யூரின் பேக் இருந்தால் புரட்டுவதற்கு முன்பே மறுபக்கம் மாற்றிவிடு. பை எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழ் மட்டத்தில் தொங்க வேண்டும். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் இருந்தால் அது எங்கும் மாட்டவில்லை என்று பார்.

5. இரண்டு மணி நேரம், 30 டிகிரி

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்ட வைத்தார். அதுவரை தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துகொண்டிருந்தார்கள். உயிர் காத்த அந்தப் பழக்கத்தைத்தான் இன்றும் வார்டுகளில் கடைப்பிடிக்கிறோம். மெத்தையையும் தோலையும் பார்த்து இடைவெளியை டாக்டரோ நர்ஸோ மாற்றிச் சொல்லலாம். அவர்கள் சொல்லும்வரை இரண்டு மணி நேரத்தை விடாதே.

முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பு எலும்பின் முனையில் பாரம் ஏறும். அதனால் புரட்டியபின் முதுகுக்கும் பிட்டத்துக்கும் அடியில் தலையணை கொடுத்து, 30 டிகிரி சாய்வில் விடு. வால் எலும்புக்குக் கீழே உன் உள்ளங்கை தாராளமாகப் போனால் சரியாக வைத்திருக்கிறாய். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. செயலிழந்த கைக்கு அடியில் ஒன்று, விரல்கள் விரிந்தபடி.

குதிகால் மெத்தையில் படவே கூடாது. கெண்டைக்கால் நெடுகத் தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். காற்றடைத்த ரப்பர் வளையமும், தண்ணீர் நிரப்பிய கையுறையும் வேண்டாம். வளையம் தன் விளிம்பில் அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். கையுறை பாரத்தைத் தாங்காமல் நழுவும்.

6. ஏர் பெட் வாங்கினால்

ஏர் பெட்டில் அறை அறையாகக் காற்று ஏறி இறங்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அழுத்தம் படும் இடம் மாறும். குமிழ் குமிழாக இருப்பது விலை குறைவு. நீளக் குழாய்களாக இருப்பது கனத்த ஆளையும் தாங்கும், விலை அதிகம். தண்ணீர் நிரப்பும் வாட்டர் பெட்டில் அழுத்தம் இப்படி மாறி மாறி வராது.

இருக்கும் மெத்தையின்மேல் ஏர் பெட்டை விரித்து, அதன்மேல் ஒரே ஒரு மெல்லிய விரிப்பு போடு. ரப்பர் ஷீட்டும் போர்வையும் அடுக்கினால் வாங்கிய பலன் போய்விடும். வால் எலும்புக்கு நேராக, ஏர் பெட்டுக்கு அடியில் கையை நுழைத்துப் பார். எலும்பு உன் கையில் தட்டினால் காற்று போதவில்லை. ஆளின் எடைக்கு ஏற்பப் பம்பின் திருகைக் கூட்டு. பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும், ஆகவே இன்வெர்ட்டர் லைனில் கொடு. ஊக்கு, ஊசி பக்கத்தில் வரக்கூடாது. ஏர் பெட் போட்டாலும் புரட்டுவதை நிறுத்தாதே.

7. தலைப்பக்கம் உயர்த்தும்போது

தலைப்பக்கம் உயரும் கட்டிலை ஃபௌலர் கட்டில் என்பார்கள். வயிற்றுச் சவ்வில் சீழ் பிடித்த நோயாளிகளை நிமிர்த்திப் படுக்கவைத்துச் சிகிச்சை தந்து, 1900-இல் அதைப் பற்றி எழுதிய அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜார்ஜ் ரையர்சன் ஃபௌலரின் பெயர் அது.

முதலில் முழங்கால் பக்கத்தை உயர்த்து, பிறகு தலையை. மாற்றிச் செய்தால் உடம்பு கீழே சறுக்கும், தோல் மட்டும் விரிப்போடு ஒட்டி நிற்கும். அந்த இழுவையில் உள்ளே ரத்தக்குழாய்கள் நசுங்கிப் புண் தொடங்கும். டியூபில் உணவு கொடுக்கும்போது 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்து. வாயால் சாப்பிடுபவர் நன்றாக நிமிர்ந்து உட்காரட்டும். சாப்பாடு முடிந்தும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் புரையேறும். பிறகு 30 டிகிரிக்கோ அதற்குக் கீழோ இறக்கு.

8. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு

டிரான்ஸ்ஃபர் பெல்ட் ஒன்று வாங்கு. இடுப்பைச் சுற்றிக் கட்டும், பிடி வைத்த அகலமான பெல்ட் அது. உடைக்கு மேலே, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கட்டு. வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன், விலா எலும்பு முறிவு, வயிற்றில் டியூப் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கட்டாதே.

வீல்சேரை அத்தையின் நல்ல பக்கத்தில், இடது பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்து. இரண்டு பிரேக்கையும் போடு. கால்தாங்கியை மடக்கு. காலில் வழுக்காத செருப்பு இருக்கட்டும். கட்டில் ஓரத்தில் சில நிமிடம் உட்காரவை. தலைசுற்றல் நின்ற பிறகே எழுப்பு.

உன் முழங்காலால் அவர் வலது முழங்காலுக்கு அண்டை கொடு. பெல்ட்டைப் பிடி. "மூக்கு கால் விரலுக்கு நேரே வரட்டும் அத்தை" என்று சொல். அப்படி முன்னால் குனிந்தால் பிட்டம் தானே எழும்பும். உன் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதே. எழுந்ததும் சின்னச் சின்ன அடியாகத் திரும்பி, முழங்காலின் பின்பக்கம் நாற்காலியில் பட்டதும் மெதுவாக இறக்கு. இடுப்பு பின்னால் ஒட்ட உட்கார வேண்டும். உட்கார்ந்தே இருந்தாலும் புண் வரும். கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை பக்கவாட்டில் சாய்த்து பாரத்தை மாற்று.

இந்த முறையை முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து பழகு. நல்ல காலை ஊன்றி நிற்க முடிகிறவருக்குத்தான் இது பொருந்தும்.

9. நிற்கவே முடியாதவருக்கு

உட்கார்ந்தபடி நகர முடிந்தால் டிரான்ஸ்ஃபர் போர்டு போதும். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பாலமாக வைத்து, வீல்சேரின் கைதாங்கியைக் கழற்றிச் சறுக்கி வரலாம். அதுவும் முடியாதென்றால் பேஷண்ட் லிஃப்ட். துணித் தொட்டிலில் ஆளை ஏந்தி, பம்ப் அடித்து உயர்த்தும் சாதனம். எடுக்கும் முன் கட்டிலுக்கு அடியில் பார். லிஃப்டின் கால்கள் உள்ளே போக இடைவெளி வேண்டும், பெட்டி வைத்த பாக்ஸ் கட்டிலுக்கு அது ஒத்துவராது. ஒவ்வொரு முறையும் தொட்டிலின் தையலைப் பார்த்துவிட்டே மாட்டு.

எதை வாங்கினாலும், வாடகைக்கு எடுத்தாலும் முதலில் டேப் எடுத்து அள. பாத்ரூம் வாசலில் வீல்சேர் நுழையாத வீடுகள் நிறைய. வாக்கர் என்றால், நின்று கையைத் தொங்கவிடும்போது மணிக்கட்டு மட்டத்துக்குப் பிடி வர வேண்டும். அடியில் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் உடனே மாற்று.

10. தோலைப் பார்

குளிப்பாட்டும்போதும் டயப்பர் மாற்றும்போதும் வால் எலும்பு, இடுப்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்மண்டை, காது எல்லாம் பார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடு. வெளுக்கவில்லை என்றால் அது புண்ணின் முதல் கட்டம். நம் நிறத்தில் சிவப்பு தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருந்தாலும் அதே எச்சரிக்கைதான். அந்த இடத்தைத் தேய்க்காதே, எண்ணெய் போட்டு நீவாதே. பாரம் படாமல் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு நர்ஸுக்குச் சொல்.

11. கை வைக்கக்கூடாத நேரம்

கீழே விழுந்தவருக்குக் கழுத்து, முதுகு, இடுப்பில் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ எழுப்பி உட்காரவைக்காதே. அப்படியே விட்டு 108-ஐக் கூப்பிடு. ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி வலித்தால் பிடித்துவிடாதே, உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டு. திடீர் மூச்சுத்திணறல் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108.

12. தனியாகச் சுமக்காதே

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிந்துவை. வருகிறவர்களிடம் புரட்டும் முறையை உன் கையால் செய்து காட்டி, சரியா என்று கேள்.

வீட்டில் எல்லோருக்கும் பழக்கு. ராத்திரி முழுக்க இரண்டு மணிக்கு ஒருமுறை நீயே எழுந்தால் சீக்கிரத்தில் நீயும் படுப்பாய். பத்து மணிக்கு நீ, பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் மாப்பிள்ளை, நாலு மணிக்கு மறுபடி நீ என்று ஒரு தாளில் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டு. எந்தப் பக்கம் படுக்கவைத்தோம் என்றும் அதிலேயே குறித்துவையுங்கள். மருமகள்தான் செய்ய வேண்டும் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதே. பெற்ற அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க மகனுக்கு என்ன தடை?

கடைசியாக ஒன்று. கை வைக்கும் முன் அத்தையிடம் சொல். "இப்போ இடது பக்கம் திரும்பப் போறோம், தயாரா?" என்று கேட்டுவிட்டு, அவர் தலையசைக்கும்வரை பொறுத்திரு. பேச வராவிட்டாலும் அவருக்குக் காது கேட்கும். சொல்லாமல் புரட்டினால் பயந்து உடம்பை விறைத்துக்கொள்வார், உனக்கும் பாரம் கூடும். சொல்லிச் செய்தால் தனக்கு முடிந்ததை அவரே செய்யப் பார்ப்பார். எந்தச் சாதனம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இன்றைக்கே இதைத் தொடங்கிவிடலாம்.