அம்மாவின் ஸ்கூட்டரோடு டிஸ்னி வேர்ல்டுக்கு

ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவை ஆர்லாண்டோவுக்கு அழைத்துப்போகும் பிள்ளைகள் பலர் ஒரு தப்புக்கணக்கு போடுகிறார்கள். "தினமும் காலையில் வாக்கிங் போகிறவர்தானே, சமாளித்துவிடுவார்" என்பது அந்தக் கணக்கு. நானும் அப்படித்தான் போட்டேன். அங்கே இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்பது ஒரே பார்க் இல்லை. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு இருக்கின்றன. எப்காட்டில் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கும் பாதை மட்டும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். முதல் பயணத்தில் அம்மா மத்தியானத்துக்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மீதி நாள் முழுக்க எங்கள் பைகளுக்குக் காவல் இருந்தார். இரண்டாம் முறை, உட்கார்ந்தபடியே ஓட்டும் பேட்டரி வண்டியான மொபிலிட்டி ஸ்கூட்டரோடு போனோம். அதில் கற்றுக்கொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை அம்மாவின் சம்மதம். இதை விமான டிக்கெட் போடும்போதே ஆரம்பியுங்கள். "நான் என்ன நடக்க மாட்டாமக் கெடக்கேனா? பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?" என்றுதான் எங்கள் அம்மா கேட்டார். "உங்களுக்கு முடியாது" என்ற பேச்சையே எடுக்காதீர்கள். "ராத்திரி வாணவேடிக்கை வரைக்கும் எங்ககூட இருக்கணும்லம்மா, அதுக்குத்தான்" என்று சொன்ன பிறகுதான் அம்மா இறங்கிவந்தார். அங்கே போனால், ஸ்கூட்டரில் சுற்றும் தன் வயதுக்காரர்களை அவரே பார்ப்பார்; கூச்சம் அரை மணி நேரத்தில் போய்விடும்.

அடுத்து, வண்டியை எங்கே எடுப்பது? ஒவ்வொரு பார்க்கிலும் நுழைவாயிலை ஒட்டி வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அதை முன்பதிவு செய்ய முடியாது. முதலில் வருபவருக்கே வண்டி. பார்க்கை விட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது. கார் நிறுத்துமிடத்திலிருந்தும் பேருந்து நிலையத்திலிருந்தும் வாசல் வரை உள்ள தூரத்தை அம்மா நடந்தே கடக்க வேண்டும். சாயங்காலம் கால் வலிக்கும் நேரத்தில் அதே தூரம் திரும்பவும் நடக்க வேண்டும். ஒரே ஒரு நாள் என்றால் இது போதும். இரண்டு நாளுக்கு மேல் என்றால் வெளி நிறுவனத்தில் மொத்த நாட்களுக்கும் சேர்த்து எடுங்கள். வாடகையும் குறையும், வண்டி ஹோட்டல் அறை வரை கூடவே வரும். டெலிவரி எடுக்கும்போது நீங்கள் நேரில் இருக்க வேண்டுமா, ஹோட்டலில் வைத்துவிட்டுப் போவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய மாடலைவிட, பிரித்துக் காரில் வைக்கக்கூடிய சிறிய மாடல் நல்லது.

ஊரிலிருந்தே சொந்த வண்டியைக் கொண்டுவருபவர்களுக்கு இரண்டு விஷயம். லித்தியம் பேட்டரியைக் கழற்ற முடிகிற வண்டி என்றால் 300 வாட்-ஹவருக்கு மேல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இரண்டு பேட்டரி என்றால் ஒவ்வொன்றும் 160க்குள் இருக்க வேண்டும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். சார்ஜரில் 100-240 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, பலர் தாண்டிப்போகிற வேலை: பழகுவது. எங்கள் அம்மா வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. நேராகப் பார்க்குக்குக் கொண்டுபோயிருந்தால் கூட்டத்தில் யார் காலிலாவது ஏற்றியிருப்பார். முந்தைய நாள் சாயங்காலம் ஹோட்டலின் காலி வாகன நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் ஓட்ட வைத்தோம். லீவரை அழுத்தினால் வண்டி போகும், விட்டால் நிற்கும். பயப்படுகிறவர்கள் லீவரை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள், அதுதான் ஆபத்து. "பயம் வந்தா கையை எடுத்துருங்க" என்பதைப் பத்து முறை சொல்லிப் பழக்குங்கள். வேகக் குமிழில் ஆமைப் படமும் முயல் படமும் இருக்கும். பார்க்குக்குள் ஆமைப் பக்கத்திலேயே வையுங்கள். பின்னால் எடுப்பதையும், லிஃப்டுக்குள் ஏற்றி இறக்குவதையும் தனியாகப் பழக்க வேண்டும். வண்டியைக் கையால் தள்ளுவதற்கென்று சக்கரத்தை விடுவிக்கும் லீவர் ஒன்று பின்பக்கம் இருக்கும். அது விடுவித்த நிலையில் இருக்கும்போது பிரேக் பிடிக்காது. சரிவில் அதை யாரும் தொடவே கூடாது.

சேலை கட்டுபவர் என்றால் முந்தானையை இடுப்பில் செருகி, ஊக்கு குத்திவிடுங்கள். கொசுவம் கால்தட்டை விட்டு வெளியே தொங்கக் கூடாது. வேட்டி, துப்பட்டாவுக்கும் இதேதான். சக்கரத்தில் துணி சுற்றினால் ஆள் முன்னால் விழுந்துவிடுவார். செருப்புக்குப் பதிலாகப் பின்வார் வைத்த காலணி போடச் சொல்லுங்கள்.

போவதற்கு முதல் நாள் இரவு எந்தெந்த ரைடு என்று உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஸ்கூட்டரிலும் வீல்சேரிலும் வருபவர்களுக்காக டிஸ்னி தன் ரைடுகளைப் பல வகையாகப் பிரித்திருக்கிறது. ஸ்கூட்டரில் இருந்தபடியே பார்க்கக்கூடியவை ஒரு வகை. அனிமல் கிங்டத்தின் 'ஃபெஸ்டிவல் ஆஃப் தி லயன் கிங்', மேஜிக் கிங்டத்தின் 'மிக்கீஸ் ஃபில்ஹார்மேஜிக்' போன்ற காட்சிகள் இதில் வரும். ஸ்கூட்டரை விட்டு வீல்சேருக்கு மாற வேண்டியவை இரண்டாவது. 'கிலிமஞ்சாரோ சஃபாரிஸ்', 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' இரண்டும் இப்படி. வண்டியை விட்டு இறங்கி ரைடு இருக்கைக்கே மாற வேண்டியவை மூன்றாவது. 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படகில் காலைத் தூக்கி வைத்து இறங்க வேண்டும். சொந்தக் காலில் நடந்தே ஏற வேண்டியவை நான்காவது. 'பீட்டர் பான்ஸ் ஃபிளைட்'டில் நகரும் பட்டையில் நடந்துகொண்டே ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர் எத்தனை முறை இறங்கி ஏற முடியும் என்பதை அவரிடமே கேளுங்கள். எங்கள் அம்மா "நாலு தடவை" என்றார். அந்த நாலை எதற்குச் செலவழிப்பது என்று அவரே தீர்மானித்தார். சஃபாரிக்கு ஒன்று கட்டாயம் வேண்டும் என்றார். ஒட்டகச்சிவிங்கி பார்க்க வேண்டுமாம்.

ஸ்கூட்டர் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை நம்மவர்களிடம் இருக்கிறது. அது சரியில்லை. பெரும்பாலான வரிசைகள் வண்டி போகுமளவுக்கு அகலமாக இருக்கின்றன. எல்லோரோடும் அதே வரிசையில்தான் போக வேண்டும். மேஜிக் கிங்டம் 1971இல் திறந்தது, அங்கே சில பழைய ரைடுகளில் பாதை குறுகல். அப்படிப்பட்ட இடங்களில் ஊழியரிடம் கேட்டால் வேறு வழியைக் காட்டுவார், அல்லது திரும்பி வரவேண்டிய நேரத்தைச் சொல்வார்.

டிஸ்னி பேருந்துகளில் சரிவுப் பலகை உண்டு. ஆனால் பேருந்துக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்துவது புதியவருக்குச் சிரமம். அம்மா இறங்கி இருக்கையில் உட்காரட்டும். குடும்பத்தில் வேறு ஒருவர் வண்டியை ஓட்டி ஏற்றிவிடலாம். ஸ்கைலைனர் என்ற கம்பிவடப் பெட்டியில் போவதென்றால், பெட்டி முழுதாக நிற்கும் தனி இடம் இருக்கிறது, அங்கே ஏறுங்கள்.

மேஜிக் கிங்டத்துக்குள் நுழைந்ததும் மெயின் ஸ்ட்ரீட்டில் குதிரை வண்டித் தண்டவாளம் வரும். அதைச் சாய்வாகக் கடந்தால் சிறு சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். எப்போதும் நேர்க்குத்தாகக் கடக்கச் சொல்லுங்கள். ஒருவர் வண்டிக்கு முன்னால் இரண்டடி தள்ளி நடந்தால் கூட்டம் தானாக விலகும். வண்டியைவிட்டு இறங்கும்போதெல்லாம் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளை மடியில் ஏற்றாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஓட்டவும் அனுமதியில்லை.

பெரியவர்கள் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. பாத்ரூம் போக வேண்டிவருமே என்று தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். ஃப்ளோரிடா வெயிலில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். துணைக்கு ஒருவரும் கூட நுழையக்கூடிய பெரிய கழிவறைகள் எல்லாப் பார்க்கிலும் இருக்கின்றன. காலையிலேயே வரைபடத்தில் அவற்றைக் குறித்துக்கொண்டு, "அந்தா பக்கத்திலேயே இருக்கும்மா" என்று சொல்லுங்கள். அப்புறம் தயங்காமல் குடிப்பார்கள். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க முதலுதவி மையத்தில் கொடுக்கலாம். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரம் கூடாது. நாங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கொண்டுபோனோம்.

கோடையில் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். வண்டியின் கைப்பிடிப் பலகையில் மின் இணைப்புகள் இருக்கின்றன. அதை மூட ஒரு பெரிய பிளாஸ்டிக் பை வைத்திருங்கள். சார்ஜரைத் தினமும் இரவில் மாட்டியதோடு விடாமல் அதன் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். எங்கள் வாடகை வண்டி ஒரு நாள் சார்ஜ் ஏறாமலே வந்து பாதி வழியில் நின்றது. நிறுவனத்தின் அவசர எண் போனில் இருந்ததால் மாற்று வண்டி கிடைத்தது.

வாணவேடிக்கைக்கும் ஊர்வலத்துக்கும் வீல்சேர், ஸ்கூட்டர்காரர்களுக்கென்று தனி இடம் உண்டு. முதலில் வருபவருக்கே அதுவும், அதனால் முன்கூட்டியே போய்விடுங்கள். முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். வாசலை நோக்கி நெருக்கியடித்துப் போகும் கூட்டத்தில் வண்டி ஓட்டுவதுதான் அந்த நாளிலேயே கடினமான வேலை. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருங்கள். வழி காலியாகிவிடும்.