மோட்டார்க் கொட்டகைக்கு மற்றொரு விளக்கு

இருள் மிக்க மோட்டார்க் கொட்டகையிற் புதுவிளக்கு அமைக்குமுன், பழைய மின்கம்பி அதனைத் தாங்குமோவென நாம் ஆராய்தல் வேண்டும். நம் நாட்டு இல்லங்களில் மின்னழுத்தம் 230 வோல்ட்டாகும். 5 ஆம்பியர்ச் சுற்றொன்று 1,150 வாட் வரை தாங்கும். 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு இரண்டு சேர்ப்பினும் கால் ஆம்பியரும் ஆகாது. ஆயின் காற்றடிக்கும் பம்பும் அச்சுற்றிலேயே ஓடுமாயின் கணக்கு வேறாம்.

விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுப்பின் அழுத்தம் பங்கிடப்பட்டு அவை மங்கும், அன்றி எரியாதொழியும். ஆதலின் பக்க இணைப்பே முறையாம். சுவிட்சு பேஸ் கம்பியிலேயே இருத்தல் வேண்டும். நியூட்ரலில் இருப்பின், விளக்கு அணைந்த பின்னரும் அதன் தாங்கியில் மின்சாரம் நிற்கும். அணைந்ததென நம்பித் தொடுவோன் உயிரிழக்கவுங் கூடும். மெயின் சுவிட்சை நிறுத்தி, மின்சாரம் இன்மையைச் சோதித்து, உரிமம் பெற்ற பணியாளரைக் கொண்டு செய்வித்தலே அறிவுடைமை. ஒளியை நாடும் நாம் முதற்கண் உயிரைப் பேணுவோமாக.